ரூட் அனுமதி இல்லாத பொதுச் சேர்வரில் ஜிடால் நிறுவுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். களனி கங்கையின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் பரவும் இடங்களைச் செய்மதிப் படங்களிலிருந்து பிரித்தெடுப்பது உங்கள் முதுமாணி ஆய்வு. அதற்காகக் கொழும்பில் உங்கள் பீடத்தின் பொதுச் சேர்வரில் ஒரு கணக்குத் தந்திருக்கிறார்கள். அதில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம். உங்களுக்குத் தேவை, அத்தகைய படங்களை வாசித்துக் கையாளும் ஜிடால் நூலகத்தின் புதிய பதிப்பு. ரூட் என்னும் முழு அதிகாரக் கணக்கின் அனுமதியோடு நிறுவச் ‘சூடோ’ கட்டளையைக் கொடுத்தபோது, அனுமதி பெற்றவர்களின் பட்டியலான சூடோயர்ஸ் கோப்பில் உங்கள் பெயர் இல்லை என்றும், இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும் என்றும் திரையில் வந்ததால் பதறிப்போய்விட்டீர்கள். நிருவாகியிடம் சொல்லி டொக்கர் (நிரல்களைக் கொள்கலன் என்னும் தனி அடைப்புக்குள் ஓட்டும் கருவி) குழுவில் சேர்ந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா, வேறு வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

பதற்றம் வேண்டாம். அனுமதி இல்லாத ஒருவர் சூடோவைப் பயன்படுத்த முயன்றார் என்று சேர்வரின் பதிவில் ஒரு வரி ஏறியிருக்கும்; அமைப்பைப் பொறுத்து நிருவாகிக்கு ஒரு மின்னஞ்சலும் போயிருக்கும். பலர் பாவிக்கும் சேர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் இத்தகைய வரிகளுக்குப் பழகியவர்கள். முழு அதிகாரத்தையும் கையில் கொடுக்காமல், வேண்டியவருக்கு வேண்டிய பங்கை மட்டும் கொடுப்பதற்கென்று 1980ஆம் ஆண்டளவில் பஃபலோவில் உள்ள நியூயோர்க் அரச பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட கருவி சூடோ. இல்லை என்று சொல்வதும் அதன் வேலைதான்.

நண்பர் சொன்ன வழியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். டொக்கர் குழுவில் இருக்கும் ஒருவர் சேர்வரின் முழுக் கோப்புமுறையையும் ஒரு கொள்கலனுக்குள் ஏற்றி, அதற்குள் ரூட்டாக இருந்துகொண்டு எந்தக் கோப்பையும் வாசிக்கலாம், மாற்றலாம். கடவுச்சொல் கோப்பும் அதில் அடக்கம். எனவே அந்தக் குழுவில் இடம் கேட்பதும் ரூட் அனுமதியையே கேட்பதும் ஒன்றுதான். இதை அறிந்த நிருவாகி மறுப்பார். அறியாத நிருவாகி தந்துவிட்டால், மற்ற மாணவர்களின் ஆய்வுத் தரவுகளுக்கும் சேர்த்து நீங்கள் பொறுப்பாளியாகிவிடுவீர்கள்.

உண்மையில் உங்களுக்கு ரூட் தேவையே இல்லை. மென்பொருளை நிறுவுவது என்பது, சில கோப்புகளை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அவற்றைத் தேடுபவர்களுக்கு அந்த இடத்தைச் சொல்லிவைப்பதுதான். வழமையான நிறுவல் கருவிகள் அந்தக் கோப்புகளைச் சேர்வருக்குப் பொதுவான அடைவுகளில் கொண்டுபோய் வைப்பதால்தான் ரூட் கேட்கின்றன. உங்கள் ஹோம் அடைவு உங்களுடையது; அங்கே எதை வைக்கவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே கவனிக்க வேண்டியது தேடுபவர்கள் யார் என்பதே. நீங்கள் தட்டும் கட்டளையை ஷெல் தேடுகிறது; அதற்கு வழிகாட்டுவது ‘பாத்’ என்னும் சூழல் மாறி. நிரல் தொடங்கும் கணத்தில் அதற்கு வேண்டிய நூலகங்களை ‘ஏற்றி’ (லோடர்) என்னும் சிறு நிரல் தேடுகிறது. மூலநிரலிலிருந்து ஒன்றைக் கட்டும்போது தலைப்புக் கோப்புகளை, மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கொம்பைலர் தேடுகிறது. எந்த நூலகம் எங்கே இருக்கிறது என்பதைப் பேக்கேஜ்-கொன்ஃபிக் என்ற சிறு கருவி தேடிச் சொல்கிறது. ரூட் இல்லாத நிறுவலில் வரும் பிழைச்செய்திகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நால்வரில் ஒருவர் தவறான இடத்தில் தேடுவதால் வருபவை. பிழைச்செய்தியைக் கண்டதும், இதில் தேடுபவர் யார் என்று கேட்கப் பழகுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எதையும் இறக்குவதற்கு முன் ஒரு கால் மணி நேரம் சேர்வரைச் சுற்றிப் பாருங்கள். ‘மொடியூல் அவெயில்’ என்று கொடுத்தால், நிருவாகி ஏற்கெனவே நிறுவிவைத்த பதிப்புகளின் பட்டியல் வரக்கூடும். பல ஆய்வுச் சேர்வர்களில் நாம் தேடுவது அங்கே சத்தமில்லாமல் இருக்கும். அடுத்து உங்கள் இட ஒதுக்கீட்டைப் பாருங்கள். எத்தனை ஜிகாபைட் என்பது மட்டும் போதாது, எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்ற வரம்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹோம் அடைவு சிறியதாக இருந்து, பெரிய தரவுகளுக்கென்று தனி வட்டு தந்திருந்தால், மென்பொருளையும் அங்கே வைப்பது நல்லது; ஆனால் அந்த வட்டு குறித்த நாட்களுக்கு ஒருமுறை துடைக்கப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, ‘எல்டிடி’ கட்டளையிடம் அதன் பதிப்பைக் கேளுங்கள். அது சொல்லும் எண்தான், உங்கள் சேர்வரில் நிரல்கள் சார்ந்திருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பதிப்பு. சென்ட்ஓஎஸ் 7இல் அது 2.17. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு இதற்கே திரும்பி வருவோம்.

இனி ஜிடாலுக்கு வருவோம். நீங்கள் முதலில் பைதன் தொகுப்புகளை நிறுவும் ‘பிப்’ கொண்டு முயன்றதாகவும், ஜிடால்-கொன்ஃபிக் கிடைக்கவில்லை என்ற செய்தியோடு அது நின்றுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் இதுதான்: பிப் கொண்டுவருவது பைதனையும் ஜிடாலையும் இணைக்கும் மெல்லிய பாலத்தை மட்டுமே. சி++ மொழியில் எழுதப்பட்ட உண்மையான ஜிடால் நூலகம் அதற்கு முன்பே சேர்வரில் இருக்க வேண்டும். அதை மூலநிரலிலிருந்து நாமே கட்டலாமே என்று தோன்றும். கட்டலாம், ஆனால் இந்தச் சேர்வரில் அது எவ்வளவு நீண்ட சங்கிலி என்று பாருங்கள். ஜிடால் 3.9 முதல் சி++17ஐ ஆதரிக்கும் கொம்பைலர் வேண்டும். சென்ட்ஓஎஸ் 7உடன் வரும் கொம்பைலரான ஜிசிசி 4.8.5க்கு அது தெரியாது. 3.6 முதல் ஜிடாலைச் சிமேக் என்ற கட்டும் கருவி கொண்டு மட்டுமே கட்ட முடியும். இங்கே இருக்கும் சிமேக் 2.8, அது போதாது. ஜிடாலுக்கு, ஆள்கூற்று முறைகளை மாற்றும் புரோஜ் நூலகம் வேண்டும். புரோஜுக்கு எஸ்கியூலைட் தரவுத்தள நூலகம் 3.11 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். இங்கே இருப்பது 3.7. ஆக, ஒரு கொம்பைலர், ஒரு சிமேக், ஓர் எஸ்கியூலைட், ஒரு புரோஜ், பிறகு வடிவியல் கணிப்புக்கான ஜியோஸ், அதன் பிறகுதான் ஜிடால். ஒவ்வொன்றும் முந்தையதைச் சரியான இடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சங்கிலியை ஒருமுறை முழுதாகக் கட்டியவர் நிறையக் கற்றுக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்குச் சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வு இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது மைக்ரோமாம்பா. மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் கொன்டா குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் கருவி ஒரே ஒரு இயக்கக் கோப்பு. வேறு எதையும் சாராமல் ஓடும். ஹோம் அடைவில் ‘டொட் லோக்கல்’ என்ற அடைவையும், அதற்குள் ‘பின்’ என்ற அடைவையும் உருவாக்கி, அதை அங்கே வைத்து, அந்த இடத்தைப் பாத் மாறியின் முன்னால் சேர்த்துவிட்டால் போதும். சூழல்களும் (ஒன்றாக நிறுவிய தொகுப்புகள் தனியாக இருக்கும் இடங்கள்) இறக்கிய தொகுப்புகளும் எந்த அடைவில் இருக்க வேண்டும் என்பதை ‘மாம்பா ரூட் பிரிஃபிக்ஸ்’ மாறியில் குறித்துவிடுங்கள். பெயரில் ரூட் இருந்தாலும் நாம் பேசிக்கொண்டிருக்கும் ரூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இறக்கிய தொகுப்புகளும் சூழல்களும் ஒரே வட்டில் இருக்கட்டும். அப்படி இருந்தால் கோப்புகள் நகலெடுக்கப்படாமல் இணைப்பாகவே வைக்கப்படும், இடம் மிச்சமாகும்.

பிறகு கொன்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து பைதன், ஜிடால், படத்தரவுக்கான ரஸ்டீரியோ, வரைபடத் தரவுக்கான ஜியோபாண்டாஸ் ஆகிய நான்கையும் ஒரே கட்டளையில் கேட்டு ஒரு புதிய சூழலை உருவாக்குங்கள். ஒரே கட்டளையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொன்றாகச் சேர்த்தால், பின்னால் வருவது முன்னால் வந்ததன் பதிப்பை மாற்றக்கூடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் அவை ஒத்துப்போகும் பதிப்புகளைக் கருவியே கணக்கிட்டுத் தரும். உங்கள் ஜிலிப்சி 2.17 என்பதையும் அது அறிந்துகொண்டு, அதற்குப் பொருந்தாத மிகப் புதிய பதிப்புகளை விலக்கிவிடும். எனவே கிடைக்கும் ஜிடால் ஆகப் புதியதாக இல்லாவிட்டால் வியப்படைய வேண்டாம். வெள்ளப் படங்களைக் கையாள அது தாராளமாகப் போதும். அந்தச் சூழல் ஓரிரு ஜிகாபைட்டையும் பல்லாயிரம் கோப்புகளையும் எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் ‘கிளீன்’ கட்டளையால், இறக்கிவைத்த சுருக்கக் கோப்புகளை அழித்துவிடுங்கள்.

தொகுப்புகளை வெள்ளவத்தை வீட்டில் இறக்கிச் சேர்வருக்கு ஏற்றத் தேவையில்லை. எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு மூலம் நுழைந்து சேர்வரிலிருந்தே இறக்குங்கள். பல்கலைக்கழக வலையமைப்பின் வேகம் வீட்டுத் தரவுப் பொதியைவிட நிச்சயம் உதவும். சேர்வருக்கு இணைய இணைப்பே இல்லாவிட்டால் மட்டும், வேறொரு லினக்ஸ் கணினியில் சூழலைக் கட்டி, கொன்டா-பேக் கருவியால் பொதிந்து கொண்டுவரலாம்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, நீங்கள் முன்பு பிப் கொண்டு ‘யூசர்’ தெரிவுடன் நிறுவியவை. அவை டொட் லோக்கல் அடைவுக்குள் பைதன் பதிப்பின் பெயரில் கிடக்கும். அதே பதிப்புப் பைதன் உள்ள எந்தச் சூழலுக்குள்ளும் அவை அழைக்காமலே நுழைந்து, சூழலில் உள்ளவற்றை மறைத்துவிடும். ‘நம்பை’ என்ற பைதன் கணிதத் தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவியும் பழையதே ஓடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ‘பைதன் நோ யூசர் சைட்’ என்ற மாறியை 1 என்று வைத்துவிட்டால் அந்த வாசல் மூடிவிடும்.

இரண்டாவது பொறி ‘எல்டி லைப்ரரி பாத்’. நூலகத்தைத் தேடும் ஏற்றிக்கு, பொது அடைவுகளுக்கு முன்னால் இங்கே பார் என்று சொல்லும் மாறி இது. இணையத்தில் பலர் இதை, ஷெல் தொடங்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிடச் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் ஒரு தம்பி அப்படித்தான் தன் கொன்டா நூலக அடைவை அதில் எழுதிவைத்திருந்தார். அன்று மாலை எல்லாம் ஓடியது. மறுநாள் காலை ‘கிட்’ கருவியால் மூலநிரலை இழுக்க முடியவில்லை. சேர்வரிலிருந்து வேறொரு கணினிக்கு எஸ்எஸ்எச் போட்டால், மறைகுறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் பதிப்பு பொருந்தவில்லை என்று ஒற்றை வரி சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. சேர்வர் பழுதாகிவிட்டது என்றே அவர் வந்து சொன்னார். அவருடைய திரையிலேயே எஸ்எஸ்எச் நிரலின் மீது எல்டிடி கட்டளையை ஓடவிட்டோம். அது பயன்படுத்தும் நூலகங்கள் வரிவரியாக வந்தன; எல்லாம் சேர்வரின் பொது அடைவையே காட்டின, ஓபன்எஸ்எஸ்எல்லின் லிப்கிரிப்டோ வரி மட்டும் அவருடைய ஹோம் அடைவைக் காட்டியது. சேர்வரின் எஸ்எஸ்எச், தனக்கென்று கட்டப்பட்ட நூலகத்தை விட்டுவிட்டுக் கொன்டாவின் நூலகத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. பாஷ்ஆர்சியில் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுப் புதிதாக நுழைந்ததும் எல்லாம் வழமைக்குத் திரும்பியது.

ஆகையால் அந்த மாறியைப் பாஷ்ஆர்சியில் எழுதவே வேண்டாம். மைக்ரோமாம்பாவுக்கு அது தேவையில்லை; அதன் நிரல்கள் தம் நூலகங்கள் இருக்கும் இடத்தைத் தமக்குள்ளேயே ஆர்பாத் என்ற குறிப்பாக எழுதிவைத்திருக்கின்றன. நீங்களாகக் கட்டும் நிரல்களிலும் இணைக்கும் படியில் ஆர்பாத்தை எழுதிவிடலாம். தவிர்க்கவே முடியாத இடத்தில், அந்த ஒரு கட்டளையின் முன்னால் மட்டும் மாறியைக் கொடுங்கள். இன்னொன்று: பாஷ்ஆர்சியில் எதை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது இணைப்பைத் திறந்து சோதித்துப் பாருங்கள். பிழையான வரியால் உள்ளே நுழையவே முடியாமல் போனால், திருத்துவதற்கு முதல் இணைப்பு கையில் இருக்கும்.

சிறிய கருவிகளுக்கு மூலநிரலிலிருந்து கட்டும் வழியே எனக்குப் பிடித்தது. நீங்களும் ஒன்றைக் கட்டிப் பழகுங்கள். டிமக்ஸ் அதற்குப் பொருத்தமானது, உங்களுக்குத் தேவையும் கூட. மழை இரவில் வீட்டில் மின்சாரமோ இணையமோ போனால், எஸ்எஸ்எச் இணைப்போடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்த வேலையும் செத்துவிடும். டிமக்ஸுக்குள் தொடங்கிய வேலை சேர்வரில் தொடர்ந்து ஓடும், மறுநாள் வந்து சேர்ந்துகொள்ளலாம். டிமக்ஸுக்கு லிப்ஈவென்ட், என்கர்சஸ் என்ற இரண்டு நூலகங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் அவிழ்த்து, கொன்ஃபிகர் கட்டளைக்குப் ‘பிரிஃபிக்ஸ்’ தெரிவாக ஹோம் அடைவின் டொட் லோக்கலைக் கொடுத்து, பிறகு மேக், மேக் இன்ஸ்டோல் என்று போக வேண்டும். பிரிஃபிக்ஸ் கொடுக்காவிட்டால் குனூ மரபின்படி அது யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குப் போகப் பார்க்கும். மேக் இன்ஸ்டோல் படியில் அனுமதி மறுப்பு வரும். பலர் அந்த இடத்தில்தான் சூடோவைத் தேடுகிறார்கள். மூன்றாவதாக டிமக்ஸைக் கட்டும்போது, பேக்கேஜ்-கொன்ஃபிக்கின் பாத் மாறியில் உங்கள் நூலக அடைவைச் சேருங்கள். அப்படியும் என்கர்சஸ் கிடைக்கவில்லை என்றால், அதன் தலைப்புக் கோப்புகள் இன்க்ளூட் அடைவுக்குள் என்கர்சஸ் என்ற உள்ளடைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த உள்ளடைவையும் கொம்பைலருக்குச் சொல்ல வேண்டும். இதில் நானும் ஒரு பிற்பகலைக் கழித்திருக்கிறேன்.

கட்டும்போது மேக் கட்டளைக்குச் செயலியின் எல்லா மையங்களையும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் டொப் கட்டளையால் மற்றவர்கள் என்ன ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள்; இரண்டு மூன்று மையங்கள் போதும், மற்றவர்களுக்கு முன்னுரிமை விடும் ‘நைஸ்’ கட்டளையை முன்னால் சேர்த்தால் இன்னும் நல்லது. பக்கத்து ஆய்வுகூடத்து மாணவருடைய மூன்று நாள் கணிப்பு உங்கள் பத்து நிமிட அவசரத்தால் தடுமாறக் கூடாது.

இப்போது எழுதிவைத்த அந்த 2.17க்கு வருவோம். ஆயத்தமாகக் கட்டப்பட்ட நிரல் ஒன்றை இறக்கி ஓடவிடும்போது, ஜிலிப்சி 2.28 கிடைக்கவில்லை என்று வந்தால், அந்த நிரல் புதிய லினக்ஸில் கட்டப்பட்டது என்று பொருள். நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோட் தொலைவிலிருந்து இணைய மறுப்பதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதுவும் இதுவே: 2024 ஜனவரியின் 1.86 பதிப்பு முதல் அது சேர்வரில் ஜிலிப்சி 2.28ஐக் கேட்கிறது. ஜிலிப்சி என்பது எல்லா நிரல்களும் கால் ஊன்றி நிற்கும் தரை. அதைத் தனியாக ஹோம் அடைவில் கட்டி, ‘எல்டி லைப்ரரி பாத்’ மாறியால் திணிக்க முயன்றால், எல்எஸ் கட்டளைகூட விழுந்துவிடும். அதைச் செய்யாதீர்கள்.

அங்கே உதவுவது அப்டேனர். முன்பு சிங்குலாரிட்டி என்ற பெயரில் இருந்து, 2021இல் லினக்ஸ் அறக்கட்டளைக்குள் வந்தபோது பெயர் மாறிய கொள்கலன் கருவி இது. டொக்கர் படிமங்களை எடுத்து, உங்கள் சொந்தப் பயனர் அனுமதியோடு மட்டும் ஓட்டும். உள்ளேயும் நீங்கள் நீங்கள்தான். கொள்கலன் தன் ஜிலிப்சியைத் தானே கொண்டுவருவதால் 2.17 தடையாக இராது. ஆனால் இதற்குப் பயனர் பெயர்வெளி என்ற கெர்னல் (இயங்குதளத்தின் கரு) வசதி திறந்திருக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7இல் அது இயல்பாக மூடியிருக்கும், அதைத் திறக்க நிருவாகிதான் வேண்டும். டொக்கர் குழுவுக்குப் பதிலாக அவரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

ரூட் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் குறைவு: 1024க்குக் கீழான போர்ட்டில் சேவை நடத்துவது, கெர்னல் மொடியூல்களையும் கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவரையும் ஏற்றுவது, முழுச் சேர்வருக்குமான அமைப்புகளை மாற்றுவது. கிராஃபிக்ஸ் அட்டையில் கணிக்க உதவும் ‘கூடா’ கருவித்தொகுதியைக்கூட ஹோம் அடைவில் வைக்கலாம், டிரைவரை மட்டும் முடியாது. ஆர்பிஎம் என்ற நிறுவல் தொகுப்புக் கோப்பை ரூட் இல்லாமல் அவிழ்க்கவும் முடியும். ஆனால் அதற்குள் எழுதப்பட்ட பாதைகள் பொது அடைவுகளையே காட்டுவதால், தனித்து நிற்கும் சிறு நிரல்களுக்கு அப்பால் அது அவ்வளவாகப் பயன்படாது.

ஒரு பொறுப்பையும் சொல்ல வேண்டும். நீங்கள் நிறுவியதை இனி உங்களைத் தவிர வேறு யாரும் புதுப்பிக்கமாட்டார்கள். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்தம் 1.0.1ஜி பதிப்பில் வந்தது. நிருவாகிகள் பொது நூலகத்தைப் புதுப்பித்தார்கள். தம் ஹோம் அடைவில் தனியாக ஒன்றைக் கட்டி வைத்திருந்தவர்களை அந்தத் திருத்தம் எட்டவில்லை. ஆகவே என்ன நிறுவினீர்கள், எந்தப் பதிப்பு, எங்கிருந்து என்று ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். மைக்ரோமாம்பா சூழலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து அந்தக் கோப்பை ஆய்வுக் குறிப்புகளோடு வைத்துக்கொண்டால், சேர்வர் மாறினாலும் அதே சூழலைத் திரும்பக் கட்டலாம். அது மாறும் நாளும் தூரத்தில் இல்லை: சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. உங்கள் ஆய்வுகூடத்தில் இன்னும் இருவருக்கு இதே ஜிடால் தேவை என்றீர்கள். உங்கள் ஹோம் அடைவை 777 என்று எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். குழுவுக்குச் சொந்தமான ஒரு பொது அடைவைக் கேட்டு வாங்கி, சூழலை அங்கே கட்டுங்கள்.

நிருவாகிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சூடோ முயற்சி அறியாமல் நடந்தது என்று ஒரு வரி. குழு அடைவு ஒன்றும், அப்டேனருக்காகப் பயனர் பெயர்வெளியும் தேவை என்று இரண்டு வரி. எந்த ஆய்வுக்காக, எவ்வளவு இடம், எவ்வளவு காலம் என்று இன்னும் இரண்டு வரி. சேர்வரை எப்போது புதிய இயங்குதளத்துக்கு மாற்றுவதாக இருக்கிறார்கள் என்றும் அதிலேயே கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோமாம்பாவை இன்றிரவே தொடங்கலாம். சூழல் உருவானதும் அதற்குள் ‘ஜிடால்இன்ஃபோ’வை உங்கள் செய்மதிப் படம் ஒன்றின் மீது ஓடவிட்டு, படத்தின் ஆள்கூற்று முறை சரியாக வருகிறதா என்று பாருங்கள். புரோஜ் தரவுக் கோப்பு கிடைக்கவில்லை என்று எச்சரிக்கை வந்தால், முந்தைய முயற்சி எதிலாவது ‘புரோஜ் லிப்’ மாறியைப் பாஷ்ஆர்சியில் எழுதிவைத்திருக்கிறீர்களா என்று தேடி, அதை நீக்கிவிடுங்கள். அதற்குப் பிறகும் பிழை வந்தால், முழுச் செய்தியையும் வெட்டாமல் அனுப்புங்கள். எந்த அடைவில் நின்று எந்தக் கட்டளையைக் கொடுத்தீர்கள் என்பதும் சேர்ந்திருக்கட்டும்.